ஸ்டேஷனரில வர்றது ஈ-யா, ஏ-வா? கேள்வி பதில்

ஸ்டேஷனரின்னு ஒரே சத்தத்துல இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை இருக்கு, கடைசி ஆர் வொய்க்கு முன்னாடி இருக்கிற ஒரே எழுத்துதான் வித்தியாசம். கேட்டவங்களுக்கெல்லாம் இங்கயே பதில் போட்டுடறேன்.

கேள்வி: சார், கடைக்கு ஃப்ளெக்ஸ் போர்டு அடிச்சேன், பார்த்தா ஸ்டேஷனரில ஏ போட்டிருக்காங்க. கேட்டா ரெண்டும் சரிதான்னு சொல்றாங்க, அப்படியா?

பதில்: ரெண்டும் டிக்‌ஷனரில இருக்கு, அந்த வகையில சரி. ஆனா நோட்டு, பேனா, கவர் விக்கிற கடைக்கு ஈ தாங்க. ஏ போட்டா அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம். ஏன் கடை அசையாமதானே நிக்குதுன்னு அவங்க சமாளிச்சாலும் சமாளிப்பாங்க! முழு போர்டையும் மாத்த வேணாம், அந்த ஒரு எழுத்து மேல அதே கலர்ல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

கேள்வி: அண்ணா நான் பிளஸ் டூ, எக்ஸாம்ல குழம்பாம இருக்க ஏதாவது ஈஸி வழி?

பதில்: பேப்பர் ஈ ஆர்ல முடியும், அது கடை சாமான். கார் ஏ ஆர்ல முடியும், அது பார்க்கிங்ல நிக்குது. அவ்ளோதாம்மா.

கேள்வி: சம்பந்தமே இல்லாத ரெண்டுக்கு ஏன் இப்படி ஒரே மாதிரி பேர் வச்சாங்க?

பதில்: சம்பந்தம் இருக்குங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதான். ரெண்டுக்கும் லத்தீன்ல நிக்கிறதுங்கிற ஒரே வேர். அந்தக் காலத்து ஐரோப்பாவுல ஊர் ஊரா சுத்தி விக்கிறவங்க நிறைய, ஆனா யுனிவர்சிட்டி பக்கத்துல புஸ்தகம் விக்கிறவங்க ஒரே இடத்துல கடை போட்டு உக்காந்தாங்க, அதனால ஸ்டேஷனர்னு பேர் வந்து, லண்டன்ல 1403லயே சங்கம் வச்சு, 1557ல ராஜ சாசனமும் வாங்கி, இங்கிலாந்துல அச்சுத் தொழிலையே கைக்குள்ள வச்சிருந்தாங்க. அப்புறம் புஸ்தகக் கடை தனியா பிரிஞ்சு போக, பேர் மட்டும் பேப்பர் பேனாக்காரங்ககிட்ட தங்கிடுச்சு. பேக்கர்கிட்ட வொய் சேர்த்தா பேக்கரி ஆகுதுல்ல, அதே மாதிரிதான் ஸ்டேஷனர் ஸ்டேஷனரி ஆச்சு. நாமளும் தேர் நிலைக்கு வந்துடுச்சும்போம், பஸ் நிக்கிற இடத்தை நிலையம்போம், எல்லாம் அதே நிலைதான். நம்ம கவர்மெண்ட்லகூட எழுதுபொருளும் அச்சும் இன்னும் ஒரே துறைதான்!

கேள்வி: ஜியோஸ்டேஷனரி சாட்டிலைட்டுக்கு எது?

பதில்: ஏ. பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்துல, செகண்டுக்கு 3 கிலோமீட்டர் வேகத்துல ஓடிட்டே இருக்கு, ஆனா பூமியும் கூடவே சுத்துறதால கீழ இருந்து பார்த்தா நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி தெரியும். அதனாலதான் மொட்டை மாடி டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி வச்சா அப்படியே விட்டுடலாம்.

கேள்வி: ஆபீஸ் பில்லுல ஸ்டேஷனரீஸ்னு எழுதலாமா?

பதில்: வேணாம். நூறு பேனா வாங்கினாலும் அது ஸ்டேஷனரிதான். ஐட்டம்ஸ்னு பக்கத்துல சேர்த்துக்கோங்க.

கேள்வி: சார், நான் போர்டுக்காரன். ஸ்டிக்கர் ஒட்டிட்டேன், ஆனா அந்த ஈ மட்டும் பளிச்சுன்னு தனியா தெரியுது.

பதில்: ரெண்டு மாசம் வெயில்ல காயட்டும், அதுவும் வெளுத்து மத்த எழுத்தோட சேர்ந்துடும்.