வலி நின்றுவிட்ட பல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 46 வயது. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் சொத்தையாகி, இரண்டு மாதங்களுக்கு முன் இரவெல்லாம் தூங்கவிடாமல் வலித்தது. மாத்திரை சாப்பிட்டேன், சில நாள்களில் வலி நின்றுவிட்டது. இப்போது அந்தப் பல்லின் அருகே ஈறில் ஒரு சிறு கொப்புளம் வந்து வந்து மறைகிறது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்கிறார். என் தங்கைக்கு இதே பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். வலியே இல்லாத எனக்கு ஏன் பிடுங்கச் சொல்கிறார்? – வாசகி, திருமங்கலம்.

பதில்: அந்த வலி நின்றதற்குக் காரணம் பல் குணமானது அன்று; பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதுதான். பல்லின் நடுவே உள்ள கூழில் நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. சொத்தை அதுவரை இறங்கியதும் கூழ் வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீக்கம் விரிய இடமில்லாமல் உயிர்போகும் வலி எடுக்கிறது. கூழ் செத்ததும் வலி அடங்கிவிடும், கிருமிகள் அடங்குவதில்லை. அவை வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் போய்ச் சீழ் கட்ட வைக்கின்றன. அந்தச் சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறும் வாசல்தான் நீங்கள் காணும் கொப்புளம். செத்த கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரையின் மருந்தும் அங்கே போய்ச் சேராது. எத்தனை முறை வாங்கிச் சாப்பிட்டாலும் கொப்புளம் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

ஆனால் சீழ் கட்டியது ஒன்றே பல்லைப் பிடுங்கப் போதுமான காரணம் ஆகாது. வேர் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் அதுவும் ஆறிவிடும்; உங்கள் தங்கைக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது பல்லுக்கு அப்படியே பொருந்தும். வேர்களைச் சுத்தம் செய்து அடைத்த பிறகு மேலே ஒரு கேப் போட வேண்டும். அது பிடித்து நிற்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் மிஞ்சியிருக்க வேண்டும். நுனி வளைந்த மெல்லிய கம்பியை ஈறின் ஓரமாக நாங்கள் நுழைத்துப் பார்ப்பது இதற்காகவே. நல்ல பல்லாக இருந்தால் கம்பி கல்லில் பட்டதுபோல் நிற்கும். சொத்தையாக இருந்தால் ஊறிய தோலில் குத்தியதுபோல் உள்ளே இறங்கும். அப்படி இரண்டு வேர்களும் பிரியும் கவட்டை வரை இறங்கிவிட்டால், எவ்வளவு செலவு செய்து கேப் போட்டாலும் அது நிலைக்காது. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலும் பல்லைக் காப்பாற்ற வழி இல்லை.

ஆகவே, உங்கள் மருத்துவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, ஈறுக்கு மேல் எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது, வேரைச் சுற்றி எலும்பு எப்படி இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். பிடுங்குவதைக் கடைசி வழியாகவே கருதும் நான், மனம் ஒப்பாவிட்டால் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் மறு கருத்துக் கேட்பதையும் வரவேற்கிறேன். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம். தாடைக்கு அடியில் வீக்கமோ, காய்ச்சலோ, வாயைத் திறக்கவும் விழுங்கவும் சிரமமோ ஏற்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; அந்த வீக்கம் மூச்சை அடைக்கும் அளவுக்குப் போகக்கூடும்.

பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டுவிட்டால் காலப்போக்கில் பின்பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். புண் ஆறியதும், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜா, எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்ட்டா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு, இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஆடும் மேல்பற்களை எடுக்கச் சொன்னதற்கு, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று மறுக்கிறார். உண்மையா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: உண்மை இல்லை. பார்வைக்கான நரம்பு வேறு, மேல்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. பல் எடுத்த வயதிலேயே கண்புரையும் வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருடைய பற்கள் ஆடுவதற்குப் பெரும்பாலும் ஈறு நோயே காரணமாக இருக்கும். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் அது பல்லைத் தாங்கும் எலும்பை வேகமாகக் கரைத்துவிடும். பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழுமாகவும் அசையும் பல்லை எடுத்துவிடுவதே நல்லது.

இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஓரிரு பற்களை எடுப்பதற்காகப் பலருக்கு அதை நிறுத்தத் தேவையே இருப்பதில்லை; இதய மருத்துவரைக் கேட்டு, வேண்டுமானால் இரத்தப் பரிசோதனை செய்து முடிவெடுப்பார்கள். பல் எடுத்தபின் வைக்கும் பஞ்சை அப்பா அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருக்கட்டும். அன்று முழுவதும் துப்பவோ, வாய் கொப்பளிக்கவோ, புகை பிடிக்கவோ கூடாது. குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாள்களில் கடும் வலி எடுக்கும்.