ஒரே ஆப்பிரிக்காவில் காங்கோ அடர்காடாகவும் சஹாரா பாலைவனமாகவும் இருப்பது ஏன்?

முக்கியக் காரணம் காற்றோட்டம். நிலநடுக்கோட்டை ஒட்டி வெயில் ஏறக்குறைய நேராக விழுவதால் ஈரக்காற்று சூடாகி மேலே ஏறும். ஏறியதும் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடும். காங்கோ படுகையின் பல இடங்களில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதனால் அங்கே காடு ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கிறது.

ஈரம் இழந்த அந்தக் காற்று உயரத்திலேயே வடக்கும் தெற்குமாக நகர்ந்து, சுமார் 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், மேகம் உருவாக விடாது. சஹாராவின் பெரும்பகுதியில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது.

சரி, நடுவில்? மழைப்பட்டை சூரியனைத் தொடர்ந்து வடக்கும் தெற்கும் நகர்வதால் சில மாதம் மழை, சில மாதம் வறட்சி. தீ பட்டாலும் மாடு மேய்ந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும் புல்லுக்கு அது தோது. அதுதான் சவானா.

எனக்கு இதில் பெரிய வியப்பு, சஹாராவே ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்ததுதான். அல்ஜீரியாவின் தசிலி பாறை ஓவியங்களில் மாட்டு மந்தைகளைப் பார்க்கலாம். பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் அப்போது வடபகுதிக்குக் கோடை வெயில் கூடுதலாகக் கிடைத்து, பருவமழை வடக்கே வெகுதூரம் போனது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அது பின்வாங்கிவிட்டது.