ஹாக் ரோஸ்ட்டும் வாணவேடிக்கையும்: முதலில் நேரக் கணக்கு

கேள்வி: இங்கிலாந்தின் ரெடிங்கில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நவம்பர் 5, நெருப்பு மூட்டி வாணவேடிக்கை விடும் பான்ஃபயர் நைட் அன்று ஊழியர்களுக்கு விழா. 150 பேர் வருகிறார்கள், வாணவேடிக்கை இரவு 7 மணிக்கு. நிர்வாகம் ஹாக் ரோஸ்ட் (முழுப் பன்றியைச் சுட்டு, வெட்டிப் பரிமாறுவது) கேட்கிறது, ஆனால் 40 பேர் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டார்கள். சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எத்தனை கிலோ பன்றி என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். வெடி வெடிக்கும்போது யாரும் சாப்பாட்டு வரிசையில் நிற்க மாட்டார்கள். முடிந்ததும் 150 பேரும் ஒன்றாக வந்து மொய்ப்பார்கள். ஆகவே முழுப் பந்தியும் 7 மணிக்கு முன்பே முடிய வேண்டும்.

ஒருவர் இறைச்சியை வெட்டி, இன்னொருவர் பன்னில் வைத்து ஆப்பிள் சாஸ் போட்டுக் கொடுக்க, ஆளுக்கு அரை நிமிடம் வையுங்கள். 110 பேருக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். 5.30க்குப் பரிமாறத் தொடங்கினால் சரியாக இருக்கும். அதற்கு முன் இறைச்சி அரை மணி நேரமாவது ஆற வேண்டும், இல்லையென்றால் வெட்டும்போதே சாறெல்லாம் வடிந்துவிடும். 110 பேருக்கு, சுத்தம் செய்த எடையில் 55 முதல் 60 கிலோ பன்றி போதும். அது வேக 7, 8 மணி நேரம் பிடிக்கும். அதாவது காலை 9 மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். கேட்டரிங்காரரின் வண்டி 8.30க்கு உள்ளே வர வாசல் திறந்திருக்க வேண்டும் என்று செக்யூரிட்டியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

வெந்துவிட்டதா என்பதைத் தோலின் நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தோள், தொடை இரண்டிலும் சதை தடிமனான இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்தி 75 டிகிரி செல்சியஸ் காட்டச் சொல்லுங்கள். பரிமாறும்வரை 63 டிகிரிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. அடுப்புக்கு புரோப்பேன் சிலிண்டர்தானா என்றும் கேளுங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாது, அடுப்பு மங்கிவிடும். மழை வந்தாலும் அடுப்பை மூடிய கூடாரத்துக்குள் வைக்க விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

இனி அந்த 40 பேர். பெரும்பாலான விழாக்களில் இவர்களுக்குத்தான் அநியாயம் நடக்கிறது. ஆளுக்கொரு சீஸ் பன்னைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். “இறைச்சி வேண்டாம், ஸ்டஃபிங் மட்டும் போதும்” என்று ஒருவர் வாங்குவார். ரொட்டித் தூளில் செய்யும் அந்த ஸ்டஃபிங்கில் பன்றி சாசேஜ் இறைச்சி கலந்திருக்கலாம். உருளைக்கிழங்கைப் பன்றிக் கொழுப்பில் வறுத்திருக்கலாம். நெருப்பில் வாட்டித் தின்னக் கொடுக்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயிலும் பன்றி ஜெலட்டின் இருக்க வாய்ப்புண்டு, பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். ஹலால் கோழி, சைவம் இரண்டுக்கும் தனி அடுப்பு, தனி இடுக்கி, தனி ஆள் வேண்டும். சைவத்தையும் கோழியையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள். சைவர்களுக்கு, அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கின் மேல் காரமான பீன்ஸ் கறி ஊற்றிக் கொடுங்கள். நவம்பர் குளிருக்கு அதைவிட இதமான சாப்பாடு இல்லை, பன்றி சாப்பிடுபவர்களே அதையும் கேட்பார்கள் என்பதால் 40க்கு மேல் கூட்டியே செய்யுங்கள். பன்னிலும் ஸ்டஃபிங்கிலும் கோதுமை உண்டு. சட்டம் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருட்களின் விவரத்தை ஒவ்வொரு பண்டத்துக்கும் கேட்டரிங்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

இடத்தைத் தீர்மானிக்கும்போது வாணவேடிக்கை நடத்துபவரையும் கேட்டரிங்காரரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். வெடியின் சாம்பலும் அட்டைத் துண்டுகளும் காற்று போகும் திசையில் விழும். அடுப்பு அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. காற்று அன்றைக்கு எப்படி அடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாது, ஆகவே மாற்று இடம் ஒன்றையும் குறித்து வையுங்கள்.

அந்த வாரத்தில் சூரியன் மாலை 4.30க்கெல்லாம் மறைந்துவிடும். இருட்டில் கூரிய கத்தியோடு ஒருவர் வேலை செய்யப்போகிறார், வெட்டும் மேசைக்கு மேல் தனி விளக்கு கட்டாயம்.