'சியேன்தெஸெ' என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மாட்ரிட்டில் என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. வந்து மூன்று மாதம் ஆகிறது, இரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் செவிலியர் 'சியேன்தெஸெ' என்றார், அப்புறம் 'சூபஸெ ல மாங்க' என்றார், ஒன்றும் புரியாமல் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பானிய வகுப்பில் 'மெ' (என்னை), 'தெ' (உன்னை), 'ஸெ' (தன்னை) எல்லாம் வினைக்கு முன்னால்தானே வந்தன, இவர்கள் பேச்சில் மட்டும் ஏன் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொன்னது, உட்காருங்கள், சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். 'செய்' என்று ஏவும்போது அந்தச் சின்னச் சொல் வினையின் வாலில் ஒட்டும். 'செய்யாதே' என்றால் மறுபடி முன்னால் போய்விடும். உட்கார் என்பதற்கு 'சியேன்தத்தெ', உட்காராதே என்பதற்கு 'நொ தெ சியேன்தெஸ்'. விதி இவ்வளவுதான்.

ஆனால் அந்த வாலை ஏன் விடக்கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டாம் வருடம் ஒரு பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. முதல் நாள், தட்டோடு அலைந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து 'சென்தாத்!' என்று சத்தமாகச் சொன்னேன். ஆறு வயதுப் பெண் ஒருத்தி நின்று என்னைப் பார்த்து, 'அ கியேன்?' என்று கேட்டாள். 'யாரை?' என்று அர்த்தம். நான் சொன்னது 'உட்காருங்கள்' இல்லை, 'உட்கார வையுங்கள்'. அவள் கேட்டது நியாயமான கேள்வி. 'சென்தாஒஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்று இரவு யோசித்தபோதுதான் பிடிபட்டது, இது நம் மொழியிலேயே இருக்கிறது. பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறோம், நமக்கு நாமே வாரிக்கொள்கிறோம். 'பேய்னமெ' என்றால் எனக்கு வாரிவிடு, 'பேய்னத்தெ' என்றால் நீயே வாரிக்கொள். 'போன்' என்றால் போடு அல்லது வை, 'போன்தெ' என்றால் போட்டுக்கொள். 'லெவான்த' என்றால் தூக்கு, 'லெவான்தத்தெ' என்றால் எழுந்திரு. நம் 'கொள்' வினைக்குப் பின்னால் வருவது போலவே அவர்கள் ஏவலில் 'தெ', 'ஸெ' பின்னால் வருகின்றன. எல்லா வினைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் ஆங்கிலம் வழியாக யோசிப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். கை கழுவு என்பதற்கு 'லாவத்தெ லஸ் மானொஸ்'. அதில் 'உன்' என்ற சொல்லே கிடையாது. நாமும் வீட்டில் 'உன் கையைக் கழுவு' என்றா சொல்கிறோம்?

அடுத்தது அழுத்தம். நான் நெடிலாக எழுதியிருக்கும் இடத்தில்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வால் ஒட்டினாலும் அழுத்தம் பழைய இடத்தை விட்டு நகராது. அதைக் காட்டத்தான் எழுதும்போது அந்த உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு போடுகிறார்கள். 'போன்தெ', 'பேத்தெ' (போய்விடு) போன்ற குட்டிச் சொற்களுக்குக் கோடு வேண்டாம். இன்னொரு வால் சேர்ந்து 'போன்தெலொ', அதாவது அதைப் போட்டுக்கொள், என்று நீண்டால் கோடு வந்துவிடும்.

நீ, நீங்கள் வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். 'தூ' என்பது நீ, 'உஸ்தேத்' என்பது மரியாதைக்கு நீங்கள். வாலும் மாறும், அதற்கு முந்தைய உயிரும் மாறும். 'சென்தார்' போல ஆர் என்று முடியும் வினைக்கு, நீ என்றால் அ வரும், நீங்கள் என்றால் எ வரும்: சியேன்தத்தெ, சியேன்தெஸெ. ஏர், ஈர் என்று முடியும் வினைகளில் பெரும்பாலும் இது தலைகீழ். ஏறிக்கொள் 'சூபெத்தெ', ஏறிக்கொள்ளுங்கள் 'சூபஸெ'. என்னைக் கேட்டால், முதலில் 'உஸ்தேத்' வடிவங்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் உங்களுக்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் அவைதான். அடுத்த முறை மருத்துவர் 'கீத்தெஸெ ல கமீஸ' என்றால் சட்டையைக் கழற்றுங்கள், 'தூம்பெஸெ' என்றால் படுங்கள், 'போங்கஸெ தெ லாதொ' என்றால் ஒருக்களித்துக்கொள்ளுங்கள், 'பீஸ்தஸெ' என்றால் உடுத்திக்கொள்ளுங்கள். இந்த நான்கும் தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பல பேரிடம் சொல்லும் வடிவம் ஸ்பெயினில் தனி. லத்தீன் அமெரிக்க வழக்கைச் சொல்லித்தரும் செயலியில் படித்திருந்தால் எல்லாருக்கும் 'சியேன்தென்ஸெ' என்று பழகியிருப்பீர்கள். இங்கே அது மரியாதைக்கு மட்டும். நண்பர்களிடமும் பிள்ளைகளிடமும் 'சென்தாத்' என்பதன் கடைசி மெய்யை உதிர்த்துவிட்டு 'ஒஸ்' சேர்த்து 'சென்தாஒஸ்' என்பார்கள். தெருவில் 'சென்தாரொஸ்' என்றுதான் அதிகம் காதில் விழும். பேச்சில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் தேர்வில் அப்படி எழுதினால் தவறு. 'போய்விடுங்கள்' என்பதற்கு மட்டும் 'ஈதொஸ்' என்பதோடு 'ஈரொஸ்' என்பதையும் 2017-இல் ஸ்பானிய அரச மொழிக் கழகம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சலுகை அந்த ஒரு வினைக்குத்தான்.

கடைசியாக ஒன்று. எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுப் பாட்டி ஒருவர் இருந்தார். ஒருநாள் அவருடைய காய்கறிப் பையை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். 'கேதெஸெ அ கொமேர்' என்றார். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்கிறார் என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. பருப்புக் குழம்பு மாதிரி ஒன்று செய்திருந்தார், லென்தேஹஸ் என்பார்கள். அதன்பிறகு அடிக்கடி போவேன். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைத் திறந்துவிட்டு, 'கேதத்தெ' என்றார். எ போய் அ வந்திருந்தது. நான் அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன்.