சகாராவைப் பாலைவனமாக்கியது மாடு மேய்த்தவர்களா?

மாடுகளை அளவுக்கு மீறி மேயவிட்டதால்தான் சகாரா காய்ந்துபோனதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் மாடு இல்லை, பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவது.

சுமார் 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை சகாராவின் பெரும்பகுதி புல்வெளியும் ஏரிகளுமாக இருந்தது. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில். அந்தக் காலத் தொடக்கத்திலோ அது வட அரைக்கோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. அதனால் வெயில் கூடி, நிலம் சூடேறி, பருவமழையை வடக்கே வெகுதூரம் இழுத்தது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாற மாற மழையும் தெற்கே பின்வாங்கியது.

அல்ஜீரியாவின் தசிலி மலைப் பாறைகளில் அக்கால மந்தைகளை இன்றும் ஓவியமாகப் பார்க்கலாம். லிபியாவின் தகர்கோரியில் கிடைத்த பானை ஓடுகளில் பால் கொழுப்பு ஊறியிருந்தது. வயது கிட்டத்தட்ட 7,000 ஆண்டு! (மண்பானை எதையும் லேசில் விடாது என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும்.) எகிப்தின் நப்தா பிளாயாவில் மாட்டைச் சடங்கோடு புதைத்திருக்கிறார்கள்.

சரி, மேய்ச்சலுக்குப் பங்கே இல்லையா? இதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. புல் குறைந்தால் வெறும் மண் வெயிலைத் திருப்பி அனுப்பும், மழை இன்னும் குறையும். மந்தைகள் இதை விரைவுபடுத்தின என்கிறது ஒன்று. இடம் மாறி மாறி மேய்த்தது வறட்சியைத் தள்ளிப்போட்டது என்கிறது மற்றது. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. மாட்டுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். அதனால் வறட்சி முற்றியதும் பலர் ஆடுகளை நம்பினார்கள். பலர் நைல் கரைக்கும் சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேலுக்கும் போய்விட்டார்கள்.