200 பேர் தேர்ச்சி: எங்கே இடிக்கிறது?

"எங்களிடம் படித்த 200 பேர் குரூப் 4-இல் தேர்ச்சி, அதனால் நாங்களே சிறந்த மையம்" என்ற விளம்பரத்தில் ஏதோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தோன்றியது சரிதான், விடாதீர்கள்.

முதலில் அதைப் பிரித்து எழுதுங்கள். "சிறந்த மையம்" என்பது அவர்கள் நிறுவ வருவது, "200 பேர் தேர்ச்சி" அதற்குக் காட்டும் காரணம். காரணம் பொய்யா என்று தேடித்தான் நீங்கள் குழம்பியிருப்பீர்கள். 200 பேர் உண்மையாகவே இருக்கட்டும், சுமாரான மையத்தாலும் இதே தட்டியை வைக்க முடியுமா என்று கேளுங்கள். 400 பேர் சேர்ந்து 200 என்றால் பாதி. 8,000 பேர் சேர்ந்து 200 என்றால் நூற்றுக்கு இரண்டரைதான். தட்டியில் சிரிக்கிற முகங்கள் மட்டும்தானே இருக்கின்றன, தோற்றவர்கள் எங்கே?

இது நம்மிடம் பழைய பாடம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவ வருவது), ஏது (அதற்குக் காட்டும் காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தைப் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றிலும் வரும் போலிகளையும் சொல்கிறார். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு எனலாம், ஏனென்றால் நெருப்பில்லாத இடத்தில் புகை வராது. 200 என்ற எண்ணோ நல்ல மையத்திலும் வரும், கூட்டம் மட்டும் சேர்ந்த மையத்திலும் வரும். இப்படி இரண்டு பக்கமும் போகிற ஏதுவுக்கு அங்கே அநைகாந்திகம் என்று பெயர்.

அப்புறம், பணம் கட்டுமுன் நேரில் போய், போன முறை மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவர்களும் அந்த 200-இல் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.