மிகக் குறைவாக உண்பவரிடம் சொல்லலாமா, ஒதுங்கிவிடலாமா?

எடையைக் குறைப்பதற்காகச் சேர்ந்த ஒரு குழுவில் ஒருவர் தாம் உண்டதன் கணக்கைத் தினமும் எழுதுகிறார், அந்தக் கணக்கு வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே போகிறது, அதன் கீழே பாராட்டுகள் குவிகின்றன, நீங்கள் மட்டும் மனம் ஒப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவரின் தட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்ல வேண்டும் என்பதே என் பதில். நான் மருத்துவர் அல்ல. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். அன்று எழுதிய எண்களை இங்கே தரப் போவதில்லை. அத்தகைய எண்ணைப் படிக்கும் யாரோ ஒருவர் அதையே தம் இலக்காக எடுத்துக்கொள்வார். நானும் இன்னொருவர் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான், அவரால் முடிந்தது என்னால் முடியாதா என்று இறங்கினேன்.

முதல் இரண்டு மாதங்கள் எனக்குக் கிடைத்த புகழ்ச்சி அதற்கு முன் வேறெதற்கும் கிடைத்ததில்லை. 'என்ன மனவுறுதி' என்றார்கள், 'உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்' என்றார்கள். வாயைக் கட்டுவது என்று நாம் சொல்லும்போதே அதில் ஒரு மெச்சுதல் கலந்திருப்பதால், குறைவாக உண்பவரைப் பார்த்ததும் நாவில் முதலில் வருவது பாராட்டுதான். அவர்களில் யாரும் எனக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். ஆனால் அதே நாட்களில் என் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, மாதவிடாய் நின்றுபோனது, இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மறுநாள் என்ன உண்ணலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவற்றை நான் எழுதவில்லை. கணக்கை மட்டுமே எழுதினேன், கணக்கை மட்டுமே அவர்கள் பார்த்தார்கள்.

பேசாமல் இருப்பதைப் பற்றி அப்போதுதான் ஒன்று புரிந்தது. இருநூறு பேர் உள்ள இடத்தில் இருபது பேர் பாராட்டி, மற்றவர்கள் எதுவும் சொல்லாமல் இருந்தால், எழுதியவருக்கு இருநூறு பேரும் பாராட்டியதாகவே தோன்றும். ஒதுங்கி நிற்கிறோம், எந்தப் பக்கமும் சாயவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த மனிதருக்கு உங்கள் மௌனம் சம்மதமாகவே போய்ச் சேர்கிறது.

தமக்கு என்ன நேர்கிறது என்பது அவருக்கே தெரியாதா என்ற கேள்வி எழலாம். பெரும்பாலும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களில் உடலும் மனமும் திடமாக இருந்த 36 பேர் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 1,600 கலோரி அளவுக்கே உணவு தரப்பட்டது. வாரந்தோறும் பல மைல் தூரம் நடக்கவும் வேண்டியிருந்தது. இன்று எத்தனையோ பேர் ஆரோக்கியமான டயட் என்று மேற்கொள்ளும் அளவு அது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் திடுக்கிடுகிறது, ஏனென்றால் அந்த ஆய்வு அதை அரைப்பட்டினி என்றே அழைத்தது. அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். இதயத் துடிப்பு மெதுவானது. கோடைக் காலத்திலும் குளிர்கிறது என்று போர்வை கேட்டார்கள்.

மனத்தில் நேர்ந்த மாற்றம் அதைவிடப் பெரியது. சமையலில் துளியும் நாட்டமில்லாதிருந்தவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்து இழுத்து உண்டார்கள், நண்பர்களிடமிருந்து விலகினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்வில் மூழ்கினார்கள். தாங்கள் மெலிந்திருப்பதாக அவர்களுக்குத் தோன்றாமல், சாதாரண உடல்வாகு கொண்ட மற்றவர்கள்தான் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாகத் தோன்றத் தொடங்கியது என்ற குறிப்பைப் படித்தபோது, நான் கண்ணாடி முன் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. பட்டினி என்பது வயிற்றில் மட்டும் நிகழ்வதன்று; பார்க்கும் கண்ணையும் எடைபோடும் அறிவையும் அது மாற்றிவிடுகிறது. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டும் என்கிறேன்.

உடலுக்கு நேர்வதைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். உணவு மிகவும் குறைந்தால் உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் கரைக்கிறது, இதயமும் ஒரு தசைதான். பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள் குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் குலையக்கூடும். 1977, 1978 ஆண்டுகளில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டுமே அருந்தி எடை குறைக்கும் முறை பரவியபோது அதோடு தொடர்புடையதாகச் சுமார் 60 இறப்புகள் பதிவாயின. முன்பு இதய நோய் இல்லாதிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள், அவர்களுடைய எடையும் இறுதிவரை 'நன்றாகக்' குறைந்துகொண்டுதான் இருந்தது. இவை தவிர, வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கற்கள் உருவாவதும், பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து மாதவிடாய் நிற்பதும், அதன் தொடர்ச்சியாக எலும்பு வலுவிழப்பதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை. நாளுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவுமுறையை மருத்துவர்கள் சிலருக்குப் பரிந்துரைப்பது உண்மைதான், ஆனால் இரத்தப் பரிசோதனைகளோடும் தொடர் கண்காணிப்போடும் மட்டுமே.

நீங்கள் சொல்ல முன்வந்தால் கேட்க நேரும் மறுப்புகளில் மூன்றுக்கு ஓரளவு வலு உண்டு. குறைவாக உண்டால் ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்பது ஒன்று. உடல் பருமன் இல்லாத 218 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஈராண்டுகள் நடந்த காலரி என்ற ஆய்வைத்தான் பெரும்பாலும் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அதில் வைத்த இலக்கு கலோரியில் 25 சதவீதக் குறைப்பு, பங்கேற்றவர்கள் உண்மையில் எட்டியதோ சராசரியாகச் சுமார் 12 சதவீதம். அளவாகக் குறைத்து, ஊட்டச்சத்துக் குறையாமல், தொடர்ந்த கண்காணிப்பில் நடந்த அதை, தனியாக அறைக்குள் இருந்துகொண்டு உணவைப் பாதியளவுக்கும் கீழே குறைப்பவர் தமக்குத் துணையாக அழைக்க முடியாது.

மற்றொன்று, அவர் பருமனாகத்தானே இருக்கிறார், அவருக்கு என்ன ஆகிவிடும் என்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கும் மனநோயான அனோரெக்சியாவின் மற்ற எல்லாக் குறிகளும் இருந்து, எடை மட்டும் இயல்பான அளவிலோ அதற்கு மேலோ இருப்பவர்களின் நிலையை அது தனியாகக் குறித்திருக்கிறது. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் ஆபத்து என்ற எண்ணத்தால் கவனிக்கப்படாமலே போகிறவர்கள் இவர்கள்தாம். இவர்களைத்தான் குழுக்கள் உரக்கப் பாராட்டுகின்றன.

வயது வந்தவர், அவர் உடல், அவர் விருப்பம் என்ற மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய முடிவை அவரிடமிருந்து பறிக்குமாறு யாரும் உங்களைக் கேட்கவில்லையே. பாராட்டு மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வேறொரு சொல்லும் காதில் விழட்டும் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். செய்ய வேண்டியவை இரண்டு, அவற்றை ஒரே பதிலில் கலக்கக் கூடாது. படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்வது பொதுவில் நிகழ வேண்டும். அந்த மனிதருக்காகச் சொல்வது தனியே நிகழ வேண்டும். பொதுவில் எழுதும்போது அவர் பெயரையும் எண்ணையும் தொடாமல், மிகக் குறைவான உணவு மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் ஆபத்தானது, மயக்கமும் படபடப்பும் மாதவிடாய் நிற்பதும் வெற்றியின் அடையாளங்கள் அல்ல என்று தெளிவாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் அவரைக் குறித்துச் சொன்னால், அவர் தம்மைக் காத்துக்கொள்ள வாதாடுவார். வாதாட வாதாட அந்த உணவுமுறை அவருடைய மானப் பிரச்சினையாகிவிடும்.

தனியே எழுதும்போது உணவைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பேன். எனக்கு ஒருவர் எழுதிய கடிதத்தில் உணவு என்ற சொல்லே இல்லை. "சில வாரங்களாக உங்கள் பதிவுகளைப் பார்த்து வருகிறேன். நன்றாகத் தூங்குகிறீர்களா? அடிக்கடி குளிர்கிறதா? எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா? நான் கேட்பது பிடிக்காவிட்டால் பதில் எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதினால் படிக்க இங்கே இருக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். இன்னும் அதிகமாக உண்ணுங்கள் என்று அவர் எழுதியிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. தூங்குகிறீர்களா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்பது தொடர்பான மனநோய்களை அடையாளம் காணப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உண்டு. உணவு உங்கள் வாழ்க்கையை ஆள்கிறது என்பீர்களா என்பது அவற்றுள் ஒன்று. சாதாரண மனிதர் ஒருவரும் அன்போடு கேட்டுவிடக் கூடிய கேள்விதான் அது.

செய்யக் கூடாதவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அவருடைய தோற்றத்தைப் பற்றி எதுவும் சொல்வது. எலும்பு தெரிகிறது என்று கவலையோடு சொன்னாலும், அந்த மனநிலையில் இருப்பவர் அதைப் பரிசாகவே எடுத்துக்கொள்வார், நான் எடுத்துக்கொண்டேன். நோயின் பெயரைச் சொல்லி முத்திரை குத்துவதும் வேண்டாம், அது மருத்துவரின் வேலை.

மயங்கி விழுந்தேன், நெஞ்சு படபடக்கிறது, பல நாட்களாக எதுவும் உண்ணவில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பது போல அவர் எழுதினால் மென்மையான கேள்விகளுக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், அருகில் இருக்கும் யாருக்காவது தெரிவிக்கச் சொல்லுங்கள், குழுவை நடத்துபவரிடமும் சொல்லுங்கள். அப்போதும் இன்றே வயிறாரச் சாப்பிடுங்கள் என்று மட்டும் அறிவுரை சொல்லிவிடாதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு சென்றால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான கைதிகளிடம் மருத்துவர்கள் கண்ட நிலை இது. படிப்படியாக உணவைக் கூட்டுவதை மருத்துவர்தான் வழிநடத்த வேண்டும்.

அவர் கோபப்படுவார் என்று அஞ்சுகிறீர்கள். கோபப்படலாம். எனக்கு வந்த கடிதத்தைப் படித்ததும் பொறாமை என்றே நினைத்தேன், அவரைத் தடை செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பதினொரு நாட்கள் பதில் எழுதவில்லை. ஆனால் ஒவ்வோர் இரவும் விழித்துக்கொண்டபோது, தூங்குகிறீர்களா என்ற அந்தக் கேள்வி கூடவே விழித்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள், 'தூக்கம் வருவதில்லை' என்று மட்டும் எழுதினேன். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்த்தேன். எடுத்த ஈசிஜியில் என் துடிப்பு இருக்க வேண்டியதைவிட வெகு மெதுவாக இருந்தது. மீண்டு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று, இடையில் இரண்டு முறை சறுக்கினேன். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு கடிதம் மட்டும்தான் என்று சொன்னால் அது மிகையாகும். மருத்துவரும் ஊட்டச்சத்து நிபுணரும் வீட்டில் இருந்தவர்களும் பட்ட பாடு அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அவர்களிடம் போகலாம் என்ற நினைப்பு அந்தக் கடிதத்திலிருந்துதான் வந்தது.

உங்களுக்குப் பதில் வராமலும் போகலாம், அவர் குழுவை விட்டே விலகிவிடலாம். இரண்டு வாரம் கழித்து, அறிவுரை எதுவும் இல்லாமல், எப்படி இருக்கிறீர்கள் என்று இன்னொரு முறை எழுதுங்கள். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி ஒன்று. அந்தக் கணக்குகளைத் தினமும் படித்துவருவதால் உங்கள் தட்டும் அறியாமலே சிறுத்து வருகிறதா என்று பாருங்கள். ஆம் எனில், அவருக்கு எழுத வேண்டியதை எழுதி அனுப்பிவிட்டு, அந்தக் குழுவிலிருந்து நீங்கள் சில மாதங்கள் விலகியிருங்கள்.